கருகிய ஆயில்

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பட்டறையில், தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் நிற்கிறார் மெக்கானிக் ராஜராஜன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து சொட்டும் ஆயில் வழக்கமான சிவப்பாக இல்லை, கருகிக் கறுத்திருக்கிறது. விரலில் தொட்டு முகர்கிறார், தீய்ந்த வாடை. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன கலையரசி டீச்சர், கிளட்ச் மிதிக்க வேண்டாமென்றே தேடி வாங்கிய கார் இது. அரியலூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் ஊர்ந்தே போய்வந்தது. "கியர்பாக்ஸ் சூடாவுதுண்ணே. அடியில பெரிய ஆயில் பான் மாட்டிடலாமா? ஆயில் கூடப் பிடிச்சா சூடு தணியுமாம்ல?" என்று சித்திரையில் அவள் கேட்டபோது, "அதெல்லாம் வேணாம்மா, இதுவே தாங்கும்" என்று சிரித்து அனுப்பியவர் அவர்தான். வெயிலில் தகரக் கூரை டக் டக்கென்று சத்தம் போடுகிறது. "எத்தன நாளாவுங்கண்ணே?" என்று பெஞ்சிலிருந்து கேட்கிறாள் கலையரசி. "உள்ள பூரா எரிஞ்சுபோச்சும்மா. நாந்தான் அன்னைக்கி..." என்று இழுக்கிறார். "விடுங்கண்ணே, நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்கிறாள் அவள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போகிறாள். அரியலூர் பஸ் வந்து நிற்கிறது. படி உயரம். ஊன்றுகோலை உள்ளே கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிறாள். ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளலாமென்று ராஜராஜனுக்குத் தோன்றுகிறது. ஆனால் எந்த முகத்தோடு போவதென்று தெரியாமல் அங்கேயே நிற்கிறார்.