தெருமுனை வேகத்தடை

ஐதராபாத்தில் வாங்கிய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு நாளாகத் தனியாகவே ஓட்டி வந்த பூங்கோதை, பிறந்த வீட்டுத் தெருமுனையில் மாட்டிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் அத்தனை வண்டிகளையும் பின்னுக்குத் தள்ளிய கார், ஒரு வேகத்தடையைத் தாண்ட மாட்டேன் என்றது. அதன் வயிறு அவ்வளவு தாழ்வு. மெல்ல ஏற்றிப் பார்த்தாள். அடியில் கரகரவென்று உரசியதும் பதறி நிறுத்தினாள். பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக் உறையை அவள் இன்னும் பிரிக்கவில்லை. அதில் முதலில் உட்கார வேண்டியவர் இந்தத் தெருவில்தான் இருந்தார்.

அந்த வேகத்தடையைப் போட வைத்ததே அவர்தான், அவள் அண்ணன் சடையப்பன். காலேஜ் நாட்களில் அவள் ஸ்கூட்டியில் பறந்து வருவதைப் பார்க்கப் பயந்து, பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து போட வைத்தார். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிய நாளிலிருந்து அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்ஜின் சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணனும் வந்தார். காரைப் பார்த்தார், உள்ளே இருந்தவளைப் பார்த்தார், திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று அவள் ரிவர்ஸ் எடுத்தாள். கார் மெயின் ரோடு வரை பின்வாங்கியபோது அவர் கடப்பாரையோடு வெளியே வந்தார். வேகத்தடையின் நடுவில் ஓங்கி ஒரு போடு போட்டார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கத்தினார்.

"அத்தன தூரம் எதுக்குப் போறே அம்மிணி? கல்லு அங்க வரைக்கும் தெறிக்காது."