தீவு கூப்பிட்ட நேரம்

தூரத்து நிலையங்களோடு பேசிப் புள்ளி சேர்க்கும் அமெச்சூர் ரேடியோ போட்டிக்காக இரண்டு கணினிகளைக் கேபிளால் இணைத்திருந்தார்கள். யாரோடு எத்தனை மணிக்குப் பேசினோம் என்று ஒன்றில் பதிவது மற்றதிலும் ஏறிவிடும். பதிந்த நேரம் தப்பாக இருந்தால் மட்டும் புள்ளி கிடையாது.

"அண்ணே, உங்க கடிகாரம் பின்னாடி ஓடுது" என்றது புதுக் கணினி.

"நான் இந்த மேஜைக்கு வந்தப்ப நீ பொறக்கவே இல்ல. உன்னுதுதான் முந்துது" என்றது பழசு.

நடுவிலிருந்த ரேடியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாருக்கும் லேசில் சிக்காத தூரத்துத் தீவொன்று சன்னமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"பதில் சொல்லிடட்டுமா?" என்று கெஞ்சியது.

"எத்தனை மணின்னு பதியுறது? சும்மா இரு" என்று இரண்டும் சேர்ந்து சீறின.

தீவு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனது. வெகுநேரம் கழித்து ஒருவழியாகக் கடிகாரங்கள் ஒத்துப்போயின.

பழசு ரேடியோவிடம் பெருந்தன்மையாகச் சொன்னது: "ம், தீவுகிட்ட இப்பக் கூப்பிடச் சொல்லு."