மூன்று நாற்காலி

"அவங்க நாலு பேரு, நாம மூணு பேரு. சாலமோன் வேலை காலி மேடம்" என்றார் ஆபீஸ் கிளார்க் மதி.

"தோத்தா தோத்துட்டுப் போறோம். நம்ம மூணு ஓட்டும் அவருக்கு விழணும், அவ்வளவுதான்" என்றாள் ஆசிரியப் பிரதிநிதி ஞானசெல்வி. மாணவப் பிரதிநிதி தஹ்சீனும் தலையாட்டினான்.

திருவொற்றியூரில் அந்தக் கல்லூரியின் ஆட்சிக்குழுவில் ஆசிரியர், மாணவர், ஊழியர் மூவருக்கும் ஆளுக்கொரு நாற்காலி வேண்டுமென்று ஆறு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் அவள். 'ஓட்டு ரகசியமா இருந்தாத்தான் பயமில்லாம போட முடியும்' என்று அடம்பிடித்ததும் அவளேதான்.

லேப் அட்டெண்டர் சாலமோன் அப்படி என்ன கொலைக்குற்றமா செய்துவிட்டார்? லேபில் புகையை வெளியேற்றும் ஃபேன் ரெண்டு வருஷமாக ஓடவில்லை என்று, ஆய்வுக்கு வந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னார். பத்தொன்பது வருஷ சர்வீஸ், பாவம்!

கூட்ட அறை வாசலில் நின்றவர் கும்பிட்டார். "நீங்க மூணு பேரும் உள்ள கீறீங்க, அந்தத் தெகிரியம்தான் மேடம். பொண்ணு இப்பத்தான் பத்தாவது பட்ச்சிகினு கீது."

"நாங்க இருக்கோம், பயப்படாதீங்க."

உள்ளே நிர்வாகத்தின் நாலு பேரும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான இரும்புக்கடை முதலாளி ஆறுமுகநயினார் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. 'கல்லுளிமங்கன்!' என்று ஞானசெல்வி மனசுக்குள் திட்டினாள்.

சீட்டு வந்தது. பேனாவைத் திறந்தவளுக்கு, செயலாளர் மேஜையில் கிடக்கும் தன் பதவி உயர்வு ஃபைல் ஞாபகம் வந்து தொலைத்தது. எப்படியும் தோற்கப்போகிற ஓட்டு. யார் போட்டது என்று மோப்பம் பிடித்துவிட்டால்? மற்ற ரெண்டு பேரும் போடத்தானே போகிறார்கள்!

எண்ணினார்கள்.

நீக்கலாம் என்று ஆறு. வேண்டாம் என்று ஒன்று.

ஞானசெல்விக்குக் குப்பென்று வியர்த்தது. அந்த ஒன்று அவளுடையது இல்லை. மதியா? தஹ்சீனா? ரெண்டு பேருமே நிமிரவில்லை.

வெளியே சாலமோன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வுடுங்க மேடம். எனக்கோசரம் மூணு பேரும் நின்னீங்களே, அதுவே போதும்."

"முடிஞ்ச வரைக்கும் பார்த்தோம்" என்றாள். வெட்கமே இல்லாமல் வாய் சொல்லிவிட்டது.

படி இறங்கும்போது ஆறுமுகநயினார் அவளை நிறுத்தினார்.

"என் ஓட்டு ஒண்ணு, உங்க மூணு. நாலாயிரும், மனுசன் பொழச்சிருவான்னு நம்பித்தாம்மா போட்டேன். உங்க மூணும் எங்கம்மா போச்சு?"