கோணல் பாக்கெட்

லண்டன் கல்லூரியின் தையற்கூடத்துக் கண்ணாடிக் கூரையில் மழை தட்டிக்கொண்டே இருக்கிறது. மாணவர்கள் ஒன்பது பேரும் ஆளுக்கொன்றாகத் தைத்துப் பொம்மைகளுக்கு மாட்டியிருக்கும் மாதிரிக் கோட்டுகள் எல்லாவற்றிலும் இடது பாக்கெட்டின் வாய் ஒரே அளவில் பின்பக்கம் கோணியிருக்கிறது. ஆசிரியை பெர்னிஸுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வடிவமைப்பாளராக அவளுக்குப் பெயர் வாங்கித் தந்த கோட்டில், முப்பது வருடத்துக்கு முன் அவளே அவசரத்தில் கோணலாகத் தைத்துவிட்ட பாக்கெட் அது. “தப்பும்மா அது! எத்தனை தடவை சொல்றது?” “உங்களுக்கு ரொம்பத்தான் அடக்கம், பெர்னிஸ்” என்று மாணவி இமோஜென் சிரித்துக்கொண்டே அளவுநாடாவால் கோணலைச் சரிபார்க்கிறாள். பெர்னிஸ் அவள் கையைப் பிடித்துப் பாக்கெட்டுக்குள் திணிக்கிறாள். கை விரல்களுக்கு மேல் போகாமல் சிக்கி நிற்கிறது. “பாத்தியா? கையே போகல!” மற்ற எட்டுப் பேரும் நோட்டைத் திறந்து எழுதிக்கொள்கிறார்கள்: கை போகக் கூடாது.