நாலு பக்கமும் வடக்கு

“குடிச்சிருந்தா குடிச்சிருக்கேன்னு சொல்லித் தொலைடா. வந்தவங்க முன்னால என் மானத்தை வாங்காதே.”

தையற்கார அக்கா போனைப் பார்த்துக் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்தது. சத்தியமாகக் குடிக்கவில்லை என்றான் போனுக்குள் இருந்த தம்பி. அந்தச் சத்தியத்தை நம்பத்தான் அறையில் ஆளில்லை.

ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பின்னே, மாப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று கூடப்பிறந்தவளுக்கே தெரியாவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள்? வெளிநாட்டில் ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சமைக்கிறான், சம்பளம் வருகிறது. ஊர் பெயரைக் கேட்டால் மட்டும் மழுப்புவான். இந்த இடமும் போனால் தம்பி ஒண்டிக்கட்டைதான் என்று அக்கா பயந்துகொண்டிருந்தாள்.

இன்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த அவள் மாமா, வீடு விற்றுக்கொடுக்கும் தரகர். ஸ்பீக்கரில் போட்ட போனிடம் அவர் முதலில் விசாரித்தது, தம்பி தங்கியிருக்கும் இடத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்றுதான்.

“வடக்கு மாமா.”

“ஜன்னல்?”

“அதுவும் வடக்கு.”

“பின்வாசல்?”

“எல்லாப் பக்கமும் வடக்குதான் மாமா.”

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே எத்தனை மணிக்கு விடிந்தது என்று கேட்டார். விடிந்து இரண்டு மாதம் ஆகிறது என்று பதில் வந்தது. அதைக் கேட்டுத்தான் அக்கா அப்படிக் கத்தினாள்.

மாமா செருப்பைத் தேடத் தொடங்கினார். அதுவரை வாயைத் திறக்காத பெண் எழுந்து போனைக் கையில் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டாள்.

“சூரியன் உச்சிக்கு வருமா?”

“வராதுங்க. ஏறாம இறங்காம செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வருது.”

“சமையல்கட்டு ஸ்பிரிங் தராசு எடையைச் சரியா காட்டுதா?”

“கொஞ்சம் கூடக் காட்டுதுங்க. மூட்டைக்கு ஒரு பிடி அரிசி கூட.”

எடையிலும் கோளாறு என்று மாமா முணுமுணுத்தார். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“நடந்தா மூச்சு வாங்குமா?”

“வந்த புதுசுல நாலு படி ஏறவே திணறினேன். இப்ப பரவாயில்ல.”

குடி போதாதென்று சீக்கும் இருக்கிறது, கிளம்பலாம் என்றார் மாமா, செருப்பை மாட்டிக்கொண்டே. பெண் அசையவில்லை. போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அக்கா கண்ணுக்கு, பெண் ஆத்திரத்தில்தான் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று பட்டது. இந்த இடமும் கைவிட்டுப் போனது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

“மாமா, செருப்பைக் கழட்டுங்க” என்றாள் பெண். “வருஷா வருஷம் போர்டுல பூமின்னு ஒரு உருண்டை போட்டு, அதோட அடியில ஒரு புள்ளி வெப்பேன். அந்தப் புள்ளியில இருந்து ஒரு மனுஷன் எங்கிட்ட பேசுவார்னு நெனச்சதே இல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கு வர்றது அங்க மட்டும்தான். ஆறு மாசம் ஒரே பகல், எடை கொஞ்சம் கூடும், பனிமேட்டு உயரத்துல மூச்சு வாங்கும். இவர் நிக்கிறது தென் துருவம்.”

போனுக்குள்ளிருந்து, “பனின்னு சொன்னா அக்கா விடமாட்டான்னுதான்...” என்று இழுத்தான் தம்பி.

அக்கா போனருகே குனிந்தாள். “காதை மூடியிருக்கியாடா?” என்று மட்டும் கேட்டாள்.

தம்பி பேசிய அந்தப் பகல் அங்கே சாய்வதற்குள், அவன் ஊர் திரும்பி, இங்கே கல்யாணமும் நடந்து, பெண்ணும் அவனும் பக்கத்து நகரத்துக்குக் குடியும் போய்விட்டார்கள்.