காத்துத் திருடி

"என் டயர்லேருந்து காத்தைத் திருடுறா. கையும் களவுமா மாட்டிக்கிட்டா" என்றார் செயலாளர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒன்பது கார்க்காரர்களும் கூடியிருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. செயலாளர் பேசும்போது சிரித்தால் அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி தூக்க வேண்டி வரும்.

நடுவில் புஸ் அக்கா நின்றாள். ஒன்பது காரையும் தினமும் விடியும்போதே வந்து கழுவித் துடைக்கிறவள். கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய் கிடையாது. அதனால் ஒரு ஸ்ப்ரேயர் டேங்கைத் தூக்கிக்கொண்டு வருவாள். தண்ணீரை ஊற்றி, மூடி, காற்றை அடித்து ஏற்றினால், கைப்பிடியை அழுத்தியதும் புஸ்ஸென்று பீச்சும். பேர் வந்தது அப்படித்தான்.

டேங்கோடு வந்த கைப்பம்பு போன வருஷமே உடைந்துவிட்டது. சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் டேங்கில் ஒரு டயர் வால்வைப் பொருத்தி, ஒரு கால் பம்பையும் கையில் கொடுத்தார். நாற்பது மிதி மிதித்தால் ஒரு காருக்குத் தாங்கும்.

"பாருங்க" என்று செல்போனை நீட்டினார் செயலாளர்.

கேமராப் பதிவு. அவருடைய காரின் பின்சக்கரத்துப் பக்கத்தில் புஸ் அக்கா குந்தியிருக்கிறாள். டயரில் ஒரு குழாயை மாட்டுகிறாள். எழுந்து தூணுக்குப் பின்னால் போகிறாள். குழாயின் மறுமுனையும் அங்கேதான் போகிறது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, குழாயைக் கழற்றி, டேங்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.

"டயர்ல இருக்கிற அதே வால்வு டேங்க்லயும் இருக்கு. இங்கேருந்து அங்கே! தினமும் சாயங்காலம் வந்து பார்த்தா அந்த ஒரு டயர் மட்டும் தளர்ந்து கிடக்கு. ஏன்னு இப்பதான் புரியுது."

"பஞ்சரா இருக்கும்ங்க" என்றாள் அவர் மனைவி.

"புது டயரு. நான் பார்த்து வாங்கினது."

"அவங்ககிட்டதான் கால் பம்பு இருக்கே. எதுக்குத் திருடணும்?"

"நாற்பது மிதி மிதிச்சா கால் வலிக்காதா? சும்மா கிடைச்சா யாருக்குக் கசக்கும்?"

புஸ் அக்கா வாயைத் திறந்தாள். "சார், அந்த டயர்ல வந்து..."

"என் டயரைப் பத்தி நீ பேசாதே."

அவள் கையிலிருந்த டேங்கை வாங்கி, வால்வின் நடுவில் நகத்தால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது.

"கேட்டீங்களா? என் காத்து!"

அதற்கு மேல் யார் என்ன பேசுவது? நாளை முதல் அவள் உள்ளே வரக்கூடாது. டேங்க் சாட்சியாக அவர் வீட்டில் இருக்கும்.

"சார், இந்த ஒன்பது காருதான் எனக்கு. டேங்கும் இல்லேன்னா வேற இடம்கூடத் தேட முடியாது."

"விசாரணை முடியட்டும்."

விசாரிக்கப் போவது யாரென்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்தான்.

கால் பம்பை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, பால் வாங்க வந்தவள் வெறும் பாத்திரத்தோடு திரும்புகிற மாதிரி அவள் திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கீழ்த்தளம் அதிர்ந்தது. செயலாளர் காரின் பின்டயர் சப்பையாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"பழி வாங்கிட்டா!"

"அவ வரவே இல்லையே சார்" என்றார் வாட்ச்மேன்.

"சுவர் ஏறிக் குதிச்சிருப்பா."

ராத்திரி முழுக்கப் பதிவானதை ஓட்டிப் பார்த்தார். ஒரு பூனை வந்தது. அதுவும் டயர் பக்கம் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து கேட்டருகே வந்து நின்றாள் புஸ் அக்கா. கால் பம்பை அக்குளில் இடுக்கியபடி, டேங்கைக் கேட்டு வாங்க வந்திருந்தாள்.

"வாம்மா, வா! நேத்திலேருந்து நீ இந்தப் பக்கமே வரலை. அப்புறம் எப்படி என் டயர்ல காத்து போச்சு?"

"வராததாலதான் சார் போச்சு."

உள்ளே வந்து குந்தினாள். காருக்கு அடியில் கைவிட்டு, டயரின் உள்பக்கம் விரலை வைத்துக் காட்டினாள். துருப்பிடித்த ஆணித்தலை ஒன்று, சட்டைப் பொத்தான் மாதிரி பதிந்திருந்தது.

"ரெண்டு மாசமா இருக்கு சார். தினமும் அந்தத் தூணுக்குப் பின்னால பம்பை வச்சு, இதுக்கு அறுபது மிதி மிதிச்சு ஏத்திட்டுத்தான் டேங்குக்கு அடிப்பேன். பாப்பாவையும் இதுலதானே பள்ளிக்கூடத்துல விடுறீங்க. வழியில நின்னுட்டா?"

செயலாளர் குனிந்து ஆணியைப் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவை சொன்னேன் சார். துடைக்கிற வேலையை மட்டும் பாருன்னீங்க."

அவர் மனைவி மாடிக்குப் போய் டேங்கைக் கொண்டுவந்து புஸ் அக்கா கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு வந்திடுங்கக்கா. யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பார்த்துக்கறேன். இப்ப இந்த டயர் நிறைய எத்தனை மிதி ஆகும்?"

"சப்பையாயிடுச்சே. முந்நூறாவது ஆகும்மா."

மனைவி கால் பம்பை வாங்கிக் கணவர் காலடியில் வைத்தாள்.

"மிதிங்க. நான் எண்றேன்."

வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நாற்பதாவது மிதியில் செயலாளர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. டயர் அசைந்தே கொடுக்கவில்லை.

புஸ் அக்கா டேங்கைக் கீழே வைத்தாள்.

"நகருங்க சார். மீதியை நான் மிதிச்சிடறேன். உங்களுக்குக் கால் வலிக்கும்."