நாளைக்கு வாங்க

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார் மேனேஜர். காலி டிபன் பாக்ஸ், குடை, சீப்பு, கடைசியாக டங்கென்று ஒரு ஸ்பேனர் மேசைமேல் விழுந்தது.

"பார்ட்ஸ் கவுன்ட்டர்ல பில் போடுறவங்களுக்கு ஸ்பேனர் எதுக்கும்மா?"

"நாக்கு நீளமா இருக்கிறவங்களுக்கு ஒரு திருகு இறுக்கிவிடத்தான்" என்றாள் பார்ட்ஸ் அக்கா. அந்த சர்வீஸ் சென்டரில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. கார் கம்பெனி நொடித்துப்போய், தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டு மாதக்கணக்காகிறது. இருப்பதைக் கணக்கெடுத்து இந்த இடத்தையும் மூடிவிட்டு வரச்சொல்லி அவரைத் தலைமை அலுவலகம் அனுப்பியிருந்தது. வந்து பார்த்தால் ரேக்குகளில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், "ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க" என்று அக்கா அனுப்பிவைத்தவர்கள் மறுநாள் உண்மையிலேயே வந்தார்கள். வேண்டியதை வாங்கி மாட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு போனார்கள். வேறு எங்கேயாவது அப்படிச் சொன்னால், இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று அர்த்தம்.

"சாமானையெல்லாம் முன்னாடியே வீட்டுக்குக் கடத்திட்டு, இப்ப ஒவ்வொண்ணா வித்துக்கிட்டிருக்கீங்க. அதானே?"

"தினம் சாயங்காலம் என் பையைக் கவிழ்க்கிறீங்க. ஒரு நட்டாவது கிடைச்சுதா?"

அப்போது டாக்ஸிக்காரர் ஒருவர் பதறிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒய்ப்பர் மோட்டார் போயிடுச்சு. மழையில வண்டியை எடுக்க முடியலைன்னா வீட்டுல அடுப்பு எரியாது. எந்தக் கடைக்குப் போனாலும், கம்பெனி பேரைக் கேட்டதுமே கையை விரிக்கிறாங்க."

"நாளைக்கு வாங்க."

"பாத்தீங்களா!" மேனேஜர் துள்ளினார். "ரேக்ல இல்லாத மோட்டார் நாளைக்கு எங்கிருந்து முளைக்கும்? வீட்டுல என்ன வச்சிருக்கீங்க, சொல்லுங்க."

"ஒரு ஷெட் இருக்கு. பூட்டி வச்சிருக்கேன். வந்து பாருங்களேன்."

"பாக்கத்தான் போறேன். ஒரு சாமான் கிடைச்சாலும் நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். மேனேஜரின் காரும் அதே கம்பெனி வண்டிதான், வெள்ளி நிறம். போன வாரம் பஸ் உரசி உடைந்துபோன இடப்பக்கக் கண்ணாடிக்குப் பதிலாக அக்கா தேடிக் கொடுத்தது மட்டும் கருஞ்சிவப்பில் இருந்தது.

"என்ன சார், வண்டியோட ஒரு காதை யாரோ திருகி விட்ட மாதிரி இருக்கு!" என்று சிரித்தார் டாக்ஸிக்காரர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. கலரைக்கூட ஒழுங்காகப் பார்த்து அனுப்பாத கம்பெனி உருப்படாமல் போனதில் என்ன ஆச்சரியம் என்று முணுமுணுத்தபடி வண்டியை எடுத்தார். டாக்ஸிக்காரரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

வழியில் மேனேஜர் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "எதுக்கும்மா உங்களுக்கு இந்தப் பொழப்பு? கம்பெனியே திவாலாயிடுச்சு. மத்தவங்க மாதிரி நீங்களும் வேற வேலை தேடிக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

"இந்த வண்டிகளை வித்தப்ப ஷோரூம்ல நின்னவ நான் சார். பார்ட்ஸுக்கு நான் பொறுப்புன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்த வாயாலதான் சொன்னேன். கம்பெனி திவாலானா அது அதோட பாடு. என் பேச்சு திவாலாகாது."

"இந்த வசனத்தைப் போலீஸ்கிட்ட சொல்லுங்க."

"அவங்ககிட்டயும் இதையேதான் சொல்வேன். இதைவிடச் சத்தமா சொல்வேன்."

அவள் குரலில் மருந்துக்கும் பயம் இல்லை. இந்த மாதிரி மனுஷியிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று மேனேஜருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பாவம்.

வீட்டு வாசலில் அக்காவின் கணவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவியோடு ஆட்கள் வருவதைப் பார்த்ததும் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார்.

"இன்னிக்கு என்ன வேணுமாம்?"

"ஒய்ப்பர் மோட்டார்."

"மழை வரப்போகுது, கொடுத்துடு."

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க, ரெண்டு பேரும்!" மேனேஜர் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஷெட்டைத் திறந்தார்.

உள்ளே அட்டைப்பெட்டி இல்லை, அலமாரி இல்லை. நடுவில் தார்ப்பாய் போர்த்திய மேடு ஒன்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் இங்கேதான் குவித்திருக்கிறாள் என்று மேனேஜர் ஒரே இழுப்பில் தார்ப்பாயை உருவினார்.

கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கார், அதே கம்பெனி வண்டி. முன்விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். ஸ்டீயரிங் இல்லை, ரேடியேட்டர் இல்லை, சக்கரங்கள்கூட இல்லாமல் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. இடப்பக்கக் கதவில் ஒரு ஓட்டை, அதில் பழைய துணி அடைத்திருந்தது.

பின்சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் இதே கார் புத்தம் புதிதாக மின்னியது. அதன்மேல் சாய்ந்துகொண்டு அக்காவும் கணவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்ஸிக்காரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் அந்தக் கதவு ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். காரின் முன்பக்கம் குனிந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இடப்பக்கக் கண்ணாடியைத் தேடாதீங்க சார், அது வெளியில உங்க வண்டியிலதான் இருக்கு."